கம்பத்துப் பீங்கான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்பாதைப் பராமரிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். அதில் பெரும்பகுதி கடலோரத்தில் கழிந்தது. தெருவில் போகிறவர் அண்ணாந்து பார்த்து, “சார், அந்தக் கப்பு மாதிரி தொங்குதே, அது எதுக்கு?” என்று கேட்பார். படிக்கிற பிள்ளைகள் கொஞ்சம் ஆழமாகக் கேட்பார்கள். இருவருக்கும் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கம்பியை நேராகக் கம்பத்தில் கட்டினால் என்ன ஆகும்?

மேலே ஓடும் கம்பி வெறும் அலுமினியம். நம் வீட்டு வயரைப் போல அதற்கு ரப்பர் உறை கிடையாது. சுற்றியிருக்கும் காற்றுதான் உறை. ஆனால் கம்பி அந்தரத்தில் நிற்காதே, எங்காவது ஒரு இடத்தில் பிடித்துத்தானே ஆக வேண்டும்? பிடிக்கிற இடத்தில் இருப்பது கிராஸ் ஆர்ம், கம்பத்தின் குறுக்கே போகும் இரும்புச் சட்டம். அதன் வழியாகக் கம்பம், கம்பம் வழியாகத் தரை என்று மின்சாரம் இறங்கிவிடும். கம்பியின் பாரத்தைத் தாங்கவும் வேண்டும், மின்சாரத்தை விடாமல் நிறுத்தவும் வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்கிறது என்றால் அது பீங்கான்தான். இன்சுலேட்டர் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

எத்தனை வகை இருக்கிறது?

குடை போல நிமிர்ந்து கிராஸ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருப்பது பின் இன்சுலேட்டர். அதன் தலையில் உள்ள பள்ளத்தில் கம்பியை வைத்து, பைண்டிங் கம்பியால் கட்டிவிடுவார்கள். சங்கிலி போலக் கோத்துத் தொங்குவது டிஸ்க், அதாவது வட்டு. தெருவில் ஓடும் எல்.டி. லைனில், அதாவது வீடுகளுக்குப் போகும் குறைந்த வோல்டேஜ் லைனில், வெள்ளையாக, உருளை வடிவத்தில் இருப்பது ஷாக்கிள். வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைத் தாங்கும் ஜி.ஐ. கம்பியில் சின்னதாக ஒரு ரீல் இருக்கும். கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியின் நடுவில் முட்டை வடிவப் பீங்கான் ஒன்று இருக்கும். துணைமின் நிலையத்தில் தூண் மாதிரி நிற்பது போஸ்ட் இன்சுலேட்டர். டிரான்ஸ்பார்மரின் தலையில் கொம்பு போல நீட்டிக்கொண்டிருப்பது புஷ்ஷிங். அதன் வயிற்றுக்குள்ளேயே மின்கடத்தி போகிறது. பழைய வீட்டு மெயின் போர்டில் இருந்த பீங்கான் பீஸ் கட்டையும் இதே குடும்பம்தான், கடைக்குட்டி.

வட்டுகளை எண்ணி வோல்டேஜ் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். பஸ்ஸில் போகும்போது எண்ணிப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது. கட் பாயிண்ட் கம்பத்தில், அதாவது கம்பியை இரு பக்கமும் இழுத்துக் கட்டி முடிக்கும் கம்பத்தில், ஒரு கம்பிக்கு ஒரே வட்டு என்றால் 11 கிலோவோல்ட். இரண்டு இருந்தால் 22, மூன்று இருந்தால் 33. கோபுரத்தில் ஏழு முதல் ஒன்பது வரை தொங்கினால் 110. பதினான்கு, பதினைந்து என்றால் 230. இருபதைத் தாண்டிப் போனால் 400 கிலோவோல்ட். வழக்கமாக 23 இருக்கும். ஆனால் இதை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள். கம்பி நேராகப் போகும் கோபுரத்தைவிட, இழுத்துக் கட்டும் கோபுரத்தில் ஒன்று கூடுதலாக இருக்கும். கடலோரத்தில் கணக்கே வேறு. பீங்கானுக்குப் பதில் ஒரே தண்டாக வரும் பாலிமர் மாட்டியிருந்தால் எண்ணுவதற்கே ஒன்றும் இருக்காது.

வட்டின் அடியில் ஏன் அத்தனை மடிப்பு?

எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி இது. நல்ல பீங்கானைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் போவது அபூர்வம். அது மேல்தோலில் ஊர்ந்துதான் போகப் பார்க்கும். கம்பிப் பக்கத்து இரும்பிலிருந்து புறப்படும் ஓர் எறும்பு, பீங்கானை விட்டு இறங்காமல் ஒவ்வொரு மடிப்பிலும் ஏறி இறங்கி மறுபக்கத்து இரும்புக்குப் போய்ச் சேர்கிறது என்று வையுங்கள். அந்த எறும்பு நடந்த தூரத்தைத்தான் நாங்கள் க்ரீபேஜ் என்கிறோம். சாதாரண வட்டின் விட்டம் 255 மி.மீ., ஒரு வட்டுக்கும் அடுத்த வட்டுக்கும் இடைவெளி 145 மி.மீ. ஆனால் எறும்புக்கு 295 மி.மீ. நடை. மடிப்பு செய்யும் உபகாரம் அதுதான். போதாததற்கு, அடிப்பக்க மடிப்பில் மழை நேராகப் படாது. மேலே நனைந்தாலும் கீழே கொஞ்ச இடமாவது காய்ந்திருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு வட்டு மழையில் நனைந்தபடியே 40 கிலோவோல்ட்டைத் தாங்க வேண்டும் என்பது சோதனை. 110 கிலோவோல்ட் லைனில் ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே இருப்பது 63.5 கிலோவோல்ட்தான். அப்படியானால் இரண்டு வட்டு போதாதா? சுத்தமான பீங்கானுக்குப் போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஊரில் இருக்கும் பீங்கான் சுத்தமாகவா இருக்கிறது? 110 கிலோவோல்ட் பாதையில் உச்சமாக வரக்கூடியது 123. தூசி குறைந்த இடத்தில் கிலோவோல்ட்டுக்கு 16 மி.மீ. நடைதூரம் வேண்டும் என்பது பழகிவந்த கணக்கு. 123-ஐ 16-ஆல் பெருக்கினால் 1968 மி.மீ.; அதை 295-ஆல் வகுத்தால் ஏழு வட்டு. மாசு மிகுந்த இடத்துக்கு 25 மி.மீ. என்று போட்டால் 3075 மி.மீ. வரும், பதினொரு வட்டு. உப்பளத்தை ஒட்டிய இடம் என்று 31 போட்டால் பதின்மூன்று. அவ்வளவு நீளத்துக்குத் தொங்கவிடக் கோபுரத்தில் இடம் இருக்காது. அதனால்தான் ஆழமான மடிப்புள்ள ஆன்டிஃபாக் வட்டு வந்தது. உயரம் அதே 145-தான், நடைதூரம் மட்டும் 400 மி.மீ.யைத் தாண்டும். அதில் எட்டு மாட்டினாலே பதினொன்றின் வேலை முடிந்துவிடும்.

எல்லா வட்டும் பாரத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளுமா?

கொள்ளாது. கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டுக்குத்தான் அடி அதிகம். ஒவ்வொரு வட்டின் இரும்பிலிருந்தும் கோபுரத்துக்குக் காற்று வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் கசிவதுதான் காரணம். பாடப்புத்தகக் கணக்கில் மூன்று வட்டுக்கு, அந்தக் கசிவு விகிதத்தை 0.1 என்று எடுத்தால், மேலிருந்து 29, 32, 38 சதவீதம் என்று பிரியும். வட்டுகள் கூடக்கூட இந்த ஏற்றத்தாழ்வும் கூடும். 400 கிலோவோல்ட் வட்டுச் சரத்தின் அடியில் பளபளவென்று ஒரு வளையம் இருக்கிறதே, அடி வட்டின் சுமையைக் கொஞ்சம் குறைப்பது அதன் வேலை.

மார்கழி விடியற்காலையில் கம்பத்திலிருந்து ‘சிடுசிடு’ என்று சத்தம் வருகிறது. ஆபத்தா?

நல்ல மழையில் பிரச்சினை குறைவு. கொட்டுகிற மழை வட்டைக் கழுவிவிட்டுப் போய்விடும். வில்லங்கம் பண்ணுவது பனி, தூறல், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த பிறகு வரும் முதல் சாரல். உலர்ந்த உப்போ தூசியோ மின்சாரத்தைக் கடத்தாது. அது ஈரமானதும் கதை மாறுகிறது. மேல்தோலில் மெல்லிய கசிவு ஓடத் தொடங்கும். கசிவு ஓடினால் சூடு. வட்டின் அடியில் நீட்டியிருக்கும் எஃகுப் பின்னுக்கு அருகில், சுற்றளவு குறுகும் இடத்தில் சூடு அதிகம் என்பதால் அங்கே முதலில் காய்ந்து, வளையம் போல ஓர் உலர்ந்த பட்டை விழும். அந்தச் சின்னப் பட்டையின் மேல் மொத்த வோல்டேஜும் வந்து உட்காரும். பொறி தாவும். அந்தப் பொறிதான் உங்கள் காதில் விழும் சிடுசிடு. இருட்டில் பார்த்தால் நீலமும் மஞ்சளுமாகப் புழு நெளிவது போலத் தெரியும். பல நாள் இது இப்படியே நடந்து, வெயில் ஏறியதும் அடங்கிவிடும். என்றோ ஒரு நாள் பொறி நீண்டு நீண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனையைத் தொட்டுவிட்டால் ‘டமார்’. பிரேக்கர் விழும், ஊரே இருளும். அதிகாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணிக்குள் என் போன் அடித்தால், எடுக்கும் முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிடும்.

கடலோரத்தில் லைனை நிறுத்திவிட்டு வட்டுகளைத் துணியால் துடைப்போம். துணி கறுத்துப்போகும். கையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் தூசி படியும். அது பனியில் நனைந்து இறுகிப்போனால் துணிக்கு வராது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். லைனை நிறுத்தாமலே உப்பு நீக்கிய தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் முறையும் உண்டு. துணைமின் நிலையங்களில் பீங்கான் மேல் சிலிக்கோன் பூச்சு பூசிவிடுவார்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி, ஈரம் படர்ந்து நிற்காமல் முத்து முத்தாக உருண்டுவிடும்.

புகளூரில் வந்து முடிகிறதே, சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து வரும் 800 கிலோவோல்ட் டி.சி. பாதை, அதற்கு இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். ஏ.சி.யில் திசை மாறிக்கொண்டே இருக்கும், டி.சி.யில் ஒரே திசை, தூசியை விடாமல் இழுத்து ஒட்டவைக்கும்.

கீழே போட்டால் உடைகிற பீங்கான், கம்பியின் இழுவையை எப்படித் தாங்குகிறது?

பீங்கானைப் பிடித்து இழுத்தால் சுலபமாக உடையும். அமுக்கினால் அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு தாங்கும். இந்தக் குணம் தெரிந்த ஒருவர்தான் வட்டை வடிவமைத்திருக்க வேண்டும். வட்டின் தலைக்கு மேல் இரும்புத் தொப்பி, தலைக்குள்ளே எஃகுப் பின், இரண்டுக்கும் நடுவில் சிமென்ட். பின்னின் தலை கூம்பாக இருக்கும். கம்பி இழுக்க இழுக்க அந்தக் கூம்பு ஆப்பு மாதிரி சிமென்ட்டை நெருக்கும், சிமென்ட் பீங்கானைத் தொப்பியோடு சேர்த்து அமுக்கும். வெளியே பார்த்தால் இழுவை, உள்ளே நடப்பதெல்லாம் அழுத்தம். 11 கிலோவோல்ட் கம்பத்தில் தொங்கும் 70 கிலோநியூட்டன் வட்டு ஏறத்தாழ ஐந்து கிலோ எடைதான் இருக்கும். ஏழு டன் இழுவையைத் தாங்கும்.

ஒரு வட்டின் பின் அடுத்த வட்டின் தொப்பிக்குள் நுழைகிற இடத்தில், கழன்று வராதபடி சின்னதாக ஒரு கிளிப் போடுவார்கள். ஒரு ரூபாய் நாணயத்தோடு சேர்த்துக் கைக்குள் மூடிக்கொள்ளலாம், அவ்வளவு சிறியது. அது துருப்பிடித்து விழுந்துவிட்டால், ஏழு டன் தாங்கும் சரம் ஒரு காற்றுக்கே கழன்றுவிடும். பைனாகுலரோடு லைன் நடக்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

ஸ்டே கம்பியின் நடுவில் அந்த முட்டை எதற்கு?

மேலே கம்பி அறுந்து ஸ்டேயின் மேல் விழுந்தால், முட்டைக்கு மேலே உள்ள பகுதிக்குத்தான் மின்சாரம் வரும். கீழே, நம் கை எட்டும் இடத்துக்கு வராது. இரண்டு கம்பி வளையங்களும் முட்டையில் குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி போவதைக் கவனியுங்கள். அதனால் இங்கேயும் முட்டைக்கு அழுத்தம்தான், இழுவை இல்லை. முட்டை நொறுங்கிப் போனாலும் வளையங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், கம்பம் சாயாது. ஆனால் அதற்குப் பிறகு ஸ்டே முழுவதும் ஒரே இரும்புதான். ஸ்டே கம்பியில் ஆடு மாடு கட்டாதீர்கள், துணி உலர்த்தாதீர்கள் என்று தலையில் அடித்துக்கொள்வது அதற்காக.

இதை எப்படிச் செய்கிறார்கள்? டீ கப் பீங்கான்தானா?

தாய் ஒன்றுதான், வளர்ப்பு வேறு. வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ். அதிக பலம் வேண்டும் என்றால் குவார்ட்ஸுக்குப் பதில் அலுமினா. அரைத்து, சல்லடையில் சலித்து, காந்தம் காட்டி இரும்புத் துகளை எடுத்து, தண்ணீரைப் பிழிந்து, காற்றை உறிஞ்சும் இயந்திரத்தில் பிசைந்து வெளியே தள்ளுவார்கள். மண்ணுக்குள் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் பின்னால் அந்த இடத்தில்தான் மின்சாரம் துளைக்கும். வடிவம் கொடுத்த பிறகு காயவைப்பதில் அவசரம் ஆகவே ஆகாது. வெளித்தோல் முந்திக்கொண்டு காய்ந்தால் விரிசல் விடும். பிறகு கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சில் முக்கி, 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளை. மண்ணாகப் போனதைவிடச் சுருங்கித்தான் வெளியே வரும், பத்து சதவீதத்துக்கு மேல்கூடச் சுருங்கும்.

சூளையிலிருந்து வந்ததும் தட்டிப் பார்ப்பார்கள். சந்தையில் பானை வாங்குகிறவர் தட்டுவாரே, அதே தட்டுதான். ‘கணீர்’ என்றால் சரி, ‘டொக்’ என்றால் விரிசல். அதைத் தாண்டியும் ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அது. உடைந்த துண்டுகளை ஃபுக்சின் என்ற ரோஸ் நிறச் சாயம் கலந்த ஸ்பிரிட்டில் போட்டு, பெரும் அழுத்தத்தில் மணிக்கணக்காக வைப்பார்கள். பிறகு எடுத்துத் துடைத்து, அந்தத் துண்டை மறுபடி உடைத்துப் பார்ப்பார்கள். உள்ளே ரோஸ் ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. இருந்தால், அந்த மண் நன்றாக வேகவில்லை என்று அர்த்தம். கிளேஸ்தான் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கிளேஸ் இல்லாமலே உடம்பு நீர் உறிஞ்சக் கூடாது.

சென்னை போரூரில் டபிள்யூ.எஸ். இண்டஸ்ட்ரீஸ் பல காலம் பெரிய இன்சுலேட்டர்களைச் செய்தது. பெங்களூரில் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்துக்கு இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. பீஸ் கட்டை போன்ற சின்னச் சாமான்களுக்கு நம்மூரில் விருத்தாசலம், வடக்கே குர்ஜா. விருத்தாசலத்தில் பொம்மையும் பீஸ் கட்டையும் பக்கத்துப் பக்கத்துப் பட்டறையில் வேகும்.

ஏன் பெரும்பாலும் பழுப்பு நிறம்?

கிளேஸில் சேர்க்கும் இரும்பு, மாங்கனீஸ் ஆக்சைடுகளால். அமெரிக்காவில் சாம்பல் நிறம் அதிகம். மின்சாரத்துக்கு நிறம் தெரியாது.

கண்ணாடி, பாலிமர் எல்லாம் வந்த பிறகும் பீங்கான் எதற்கு?

கண்ணாடி வட்டில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. கெட்டுப்போனால் மொத்தமாகத் தூள் தூளாகி உதிர்ந்துவிடும்; மிச்சம் நிற்கும் தொப்பியும் பின்னும் கம்பியை விடாது. தரையில் நின்றபடியே ‘இதோ போய்விட்டது’ என்று சொல்லிவிடலாம். பீங்கான் அப்படியில்லை, வலியை வெளியே காட்டாது.

பாலிமர் எடை குறைவு. ஒரே ஆள் தோளில் போட்டு ஏறிவிடலாம். அதன் சிலிக்கோன் தோலில் ஈரம் படராது. வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரிப் பனிமூட்டத்தில் லைன்கள் அடுத்தடுத்து விழுந்த பிறகு, பல பாதைகளில் பீங்கானை இறக்கிவிட்டு இதைத்தான் மாட்டினார்கள். உண்டிவில் வைத்திருக்கும் பையன்களின் கல்லுக்கும் இது அசையாது. ஆனால் வெயிலில் தோல் முதுமை அடையும். உள்ளே இருக்கும் ஃபைபர் தண்டுக்குள் ஈரம் புகுந்துவிட்டால் ஒரு நாள் முறிந்துவிடும். என்னைக் கேட்டால் கடலோரத்துக்கும் கல்லெறி ஊருக்கும் பாலிமர், மற்ற இடத்துக்குப் பீங்கான் என்பேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கெட்டுப்போன வட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருமுறை அடிக்கடி விழுந்துகொண்டிருந்த 110 கிலோவோல்ட் பாதையில் ஒரு சரத்தை இறக்கினோம். ஒன்பது வட்டு. துடைத்து வரிசையாக வைத்தால் நேற்று வாங்கியது போல மின்னுகிறது, ஒரு கீறல் இல்லை. மின்தடையை அளக்கும் 5000 வோல்ட் மெகரை ஒவ்வொன்றாக வைத்தோம். ஆறு வட்டுகளில் முள் எல்லையில் போய் நின்றது. மூன்றில் முள் அசையவே இல்லை, பூஜ்யம். அந்த மூன்றில் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். தொப்பிக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தலைமயிர் அளவு விரிசல். அதன் வழியே கரி ஓடியிருந்தது.

விரிசல் விழப் பெரும்பாலும் காரணம் வருடக்கணக்கில் சிமென்ட் ஈரம் குடித்து உப்புவது, பின் துருப்பிடித்துப் பெருப்பது, பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வருவது. மின்னல் விழும்போது துளைபட்ட வட்டின் வழியே பெரும் மின்னோட்டம் பாய்ந்தால், தொப்பிக்குள் சூடும் நீராவியும் சேர்ந்து தொப்பியே வெடித்துப் போகலாம். அப்படியானால் கம்பி தரைக்கு வந்துவிடும். வட்டு ‘உள்ளே போய்விட்டது’ என்று லைன்மேன் சொன்னால் வெளியே தெரியாத இந்த உள்விரிசலைத்தான் சொல்கிறார்.

இதெல்லாம் எப்போது தொடங்கியது?

தந்திக் கம்பத்தில் முதலில் வந்தது. மின்சாரத்துக்கு என்று பார்த்தால், 1891-இல் ஜெர்மனியில் லாஃபனிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் இழுத்த பாதையில், பீங்கானுக்குள் எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள், மேல்தோல் கசிவைத் தடுக்க. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பாதை போனது; அங்கே சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அப்போது பின் வகை மட்டும்தான் இருந்தது. வோல்டேஜ் ஏறினால் பின் இன்சுலேட்டர் பூதாகாரமாகும், விலையும் ஏறும். 1907-இல் ஹியூலெட், பக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் வட்டுகளைச் சங்கிலியாகத் தொங்கவிடலாம் என்று காட்டினார்கள். வேண்டிய வோல்டேஜுக்கு ஒன்றைச் சேர், அவ்வளவுதான்.

எங்கள் தெருக் கம்பத்தில் பீங்கான் பாதி உடைந்திருக்கிறது. ஆனால் கரண்ட் ஒழுங்காக வருகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். காய்ந்த நாளில் பாதிப் பீங்கானும் சமாளிக்கும். மழையில் கசிவு கம்பத்துக்குள் இறங்கும். சிமென்ட் கம்பம்தானே என்று சாயாதீர்கள்; உள்ளே இருப்பது இரும்புக் கம்பி. கம்பத்தில் கை வைத்தால் ‘சுர்’ என்கிறது, பக்கத்தில் போகும் நாய் துள்ளுகிறது என்றால் யாரையும் அண்டவிடாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குக் கூப்பிட்டுக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். நீளக் குச்சியால் தட்டிப் பார்ப்பது, ‘நானே ஏறிக் கட்டிவிடுகிறேன்’ என்பது இரண்டும் வேண்டாம்.

பழைய பீங்கான் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

லைனிலிருந்து கழற்றினால் திருட்டு வழக்கு. முறையாக ஏலத்தில் வந்தது, உடைந்து கழிக்கப்பட்டது என்றால் தாராளமாக. பீங்கானில் விஷம் ஒன்றும் இல்லை, உடைந்த விளிம்பு மட்டும் பிளேடு மாதிரி கிழிக்கும். என்னிடம் ஒரு 22 கிலோவோல்ட் பின் இன்சுலேட்டர் இருக்கிறது. தலைகீழாக வைத்தால் நிற்காது என்பதால், என் மனைவி அதன் அடியில் ஒரு பிரிமனை வைத்து அகல்விளக்குக்குப் பீடமாக ஆக்கிவிட்டாள். கார்த்திகைக்குக் கார்த்திகை வாசலுக்கு வரும்.